ஒண்ணாம் நம்பர் கதவு

— அட, நம்புங்க அத்தான். கொசுக்கால் அளவு இருக்கிற ரெண்டே ரெண்டு கமாவை வெச்சு, யானை மாதிரி இருந்த ஒரு மேனேஜரை நாற்காலியோட பேர்த்தெடுத்து மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வெச்சவன் நான்!

— ஆரம்பிச்சுட்டான். இந்தா பாரு, உன் தம்பி ஆரம்பிச்சுட்டான். போலீஸுக்குப் போன் பண்ணியாச்சு, ஆள் கிளம்பியாச்சுன்னு சொல்லிட்டாங்க. இவன் கமாவுக்குக் காது மூக்கு வெச்சுக்கிட்டு இருக்கான்.

— டேய், அவர் காலையிலேருந்து கொதிச்சுக்கிட்டு இருக்காரு. இந்த நேரத்துல உன் புளுகு வேணுமா?

— அக்கா, நான் புளுகுறவன்தான். ஒத்துக்கிறேன். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு அதைவிட நல்ல வேலை எது? ஆனா இன்னிக்குச் சொல்ல வந்தது நெஜம். அந்த வேலைக்காரம்மா வாட்ச்மேன் ரூம்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காங்க, பாத்துட்டுத்தான் வர்றேன். அத்தான் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துட்டா, இந்தக் கட்டடத்துல இல்ல, இந்தத் தெருவுலயே அவங்களுக்கு ஒரு வீட்டுல வேலை கிடைக்காது.

— கிடைக்கக் கூடாது! அதுக்குத்தானே பிடிச்சுக் குடுக்கிறேன்? மச்சான், நடந்தது என்னன்னு தெரியுமா உனக்கு? உங்க அக்கா கடைக்குப் போயிருக்கா. நான் குளிச்சிட்டு இடுப்புல துண்டோட வெளிய வர்றேன். ஹால் நடுவுல அந்தப் பொம்பளை தரை துடைக்கிற குச்சியோட நிக்கிறா. "கூப்பிட்டீங்களா சார்"னு கேக்கிறா. யார் வீட்டுல? ஒண்ணாம் நம்பர் வீட்டுல! குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டுல!

— தலைவர் துண்டைப் பிடிச்சுக்கிட்டாரா, கீழே விட்டுட்டாரா?

— டேய்!

— விடு, அவன் புத்தி அவ்வளவுதான். மச்சான், கேளு. இந்தக் கட்டடத்துல சாவியே கிடையாது. எல்லாம் கார்டு. எந்தக் கார்டுக்கு எந்த வீடுன்னு வெப்சைட்ல பதிஞ்சு வெச்சிருக்கு, நானே உக்காந்து பதிஞ்சது. அவ கார்டுல ரெண்டு நம்பர்தான். பதினொண்ணு, இருபத்தொண்ணு. அவ வேலை செய்யிற ரெண்டு வீடு; அது போக வராந்தா துடைக்கிறதுக்குக் கார்டே வேண்டாம். வேற ஒரு புள்ளி கிடையாது. அப்போ என் வீட்டுக் கதவு அவளுக்கு எப்படித் திறந்துச்சு? கார்டுல ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கா. இதுகூடவா புரியல?

— ஒரு டம்ளர் தண்ணி குடு அக்கா, அத்தானுக்கில்ல, எனக்கு. சிரிப்பை அடக்கி அடக்கித் தொண்டை காஞ்சுபோச்சு. அத்தான், பதினொண்ணுங்கிற நம்பர்ல ஒண்ணு இருக்கா, இல்லையா?

— என்ன கேள்வி இது?

— இருக்கா, இல்லையா? எழுதிப் பாருங்க. ஒண்ணு இருக்கு. இன்னொரு ஒண்ணும் இருக்கு. இருபத்தொண்ணுலயும் ஒண்ணு இருக்கு. உங்க கதவு என்ன கேக்குதுன்னா, "இந்தக் கார்டோட பட்டியல்ல ஒண்ணுன்னு எங்கேயாவது இருக்கா?" அவ்வளவுதான் கேக்குது. வெப்சைட் தடவிப் பாக்குது, "ஓ, இருக்கே! ஒண்ணா, மூணு இருக்கே!"ங்குது. பச்சை லைட்டு. பீப். கதவு திறந்தாச்சு. அந்தம்மா வெளிய வராந்தாவைத் துடைக்கக் குனிஞ்சிருக்காங்க, கழுத்துல தொங்குன கார்டு கதவுல பட்டிருக்கு. கதவு திறந்ததும், சார் கூப்பிடுறாருன்னு நெனச்சு எட்டிப் பாத்திருக்காங்க. இதுல தில்லுமுல்லு எங்க வந்துச்சு?

— போடா. கோடிக்கணக்கான பேர் வெப்சைட் வெச்சிருக்கான். எவனாவது இவ்வளவு முட்டாளா எழுதுவானா?

— எழுதுவான் அத்தான்! அதுதான் இந்தத் தொழிலோட அழகே! ஒவ்வொரு நம்பரையும் தனித்தனி டப்பாவுல போட்டு வெக்கணும். சோம்பேறிப்பய என்ன பண்ணுவான்? எல்லாத்தையும் ஒரே வரியில கொட்டி, நடுவுல ஒரு கமாவைப் போட்டு, தூங்கப் போயிடுவான். அப்புறம் அந்த வரிக்குள்ள "ஒண்ணு இருக்கா பாரு"ம்பான். கம்ப்யூட்டர் பாக்கும். கம்ப்யூட்டரைவிட விசுவாசமான மடையன் உலகத்துலயே கிடையாது. சொன்னதைச் செய்யும், நினைச்சதைச் செய்யாது.

— அப்போ டேய், பத்தாம் நம்பர்லேருந்து பத்தொன்பதாம் நம்பர் வரைக்கும் இருக்கிறவன் எவன் வேணா என் சமையக்கட்டுக்குள்ள வரலாமா?

— தாராளமா வரலாம் அக்கா. எவனுக்கும் அத்தானைப் பாக்கணும்னு ஆசை வரல. அதனாலதான் இத்தனை நாள் இது வெளிய தெரியல.

— ஹா! கேக்கிறவன் கேனையனா இருந்தா நீ எது வேணாலும் சொல்லுவே. கதவு மாட்டுன கம்பெனிக்கு நானே போன் பண்ணிட்டேன். "எங்க சிஸ்டம் உலகத்தரம் சார், தப்பே வராது"ன்னு அடிச்சுச் சொல்றான்.

— உலகத்தரம்! அவன் அப்பன் வீட்டு உலகம். சரி, வாதம் வேண்டாம். அந்தம்மா கார்டை எடுங்க. நம்ம கதவுல வெச்சுப் பாப்போம். ஒரு நிமிஷ வேலை.

— அதை வெட்டிப்போட்டாச்சு.

— என்னது?

— கத்திரிக்கோல் வெச்சு ரெண்டா வெட்டிட்டாருடா. அவங்க கண்ணு முன்னாடியே.

— பிரமாதம். சாட்சியைத் தூக்குல போட்டுட்டு விசாரணை நடத்துறீங்க. சரி, வேற கார்டு? பன்னண்டாம் வீட்டுக்காரர், பதினாறாம் வீட்டுக்காரர், யாராவது?

— எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. அப்படியே இருந்தாலும் நான் போகணுமா? "ஐயா, உங்க கார்டு என் வீட்டைத் திறக்குதா, கொஞ்சம் பாக்கட்டுமா"ன்னு தலைவர் கதவு கதவா நிக்கணுமா? இந்தச் சிஸ்டத்தைத் தேடிப்பிடிச்சு, நாலு பேர்கிட்ட சண்டை போட்டு, மாட்ட வெச்சதே நான்!

— ம்ம். விஷயம் அங்க இருக்கா. கதவு தப்புன்னா தலைவர் தப்பு. தலைவர் தப்பாக முடியாது. அதனால அந்தம்மா திருடி.

— நாக்கை அடக்கிப் பேசு.

— டேய், அவர்கிட்ட மோதாதே. என்னமோ கமா, யானைன்னியே, அது என்ன? அதைச் சொல்லு. இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?

— எதுக்கு அது? பழங்கதை கேக்கிற நேரமா இது?

— நீங்க சும்மா இருங்க. போலீஸ் வர்ற வரைக்கும் இங்க என்ன வேலை? சொல்லுடா.

— சொல்றேன் அக்கா. நான் வேலை பாத்த இடம் உனக்குத் தெரியும். ஊர்ல இருக்கிற கம்பெனிக்கெல்லாம் கதவுக்கான வெப்சைட் எழுதிக் குடுக்கிறது. ஒரு கம்பெனிக்கு எனக்கு முன்னாடி இருந்தவன் எழுதுனது. இதே சோம்பேறி வேலை. இதே கமா. அங்க ஒண்ணாம் நம்பர்ங்கிறது முதலாளியோட ரூம். ரூம்னா ரூமா? உள்ள குதிரைப் பந்தயம் விடலாம். மேஜையில ஒரு முனையில பேனாவை வெச்சா இன்னொரு முனைக்குப் போக ஆட்டோ பிடிக்கணும்.

— புளுகுனாலும் பொருந்தப் புளுகணும். சாதாரண மேஜைதான் இருக்கும். தேக்கு மரம், ஓரத்துல கொஞ்சம் பேந்திருக்கும்.

— இருக்கலாம் அத்தான். நீங்க சொன்னா சரி. அந்த முதலாளி வயசாகி, வெளிநாட்டுல மகன் வீட்டோட போய்ட்டாரு. ரூம் காலி. யாருக்குன்னு சொல்லல. அங்க ஒரு மேனேஜர். அவர் கார்டுல இருந்தது பத்து, பதினொண்ணு, பன்னண்டு. மீட்டிங் ஹால், ஃபைல் ரூம், அவரோட சின்ன ரூம். அவ்வளவுதான். ஒரு நாள் அந்தப் பக்கமா போறப்போ ஒரு ஆசை. கார்டை வெச்சுப் பாக்கிறாரு. பச்சை! பீப்! கதவு திறந்துருச்சு!

— பத்துலயும் ஒண்ணு, பதினொண்ணுலயும் ஒண்ணு, பன்னண்டுலயும்...

— அக்கா, உனக்குப் புரிஞ்சுபோச்சு பாரு! உலகத்தரக் கம்பெனிக்காரனுக்குப் புரியல. ஆனா அந்த மேனேஜருக்கு என்ன தோணுச்சு? "ஆஹா, முதலாளி போறப்போ சொல்லாம கொள்ளாம எனக்கு இந்த ரூமைக் குடுத்துட்டுப் போயிருக்காரு! என்ன ஒரு பெருந்தன்மை!" மறுநாளே பேர்ப்பலகை மாட்டியாச்சு. நாற்காலியில உக்காந்தாச்சு. யாரும் கேக்கல. கதவே திறக்குது, அப்புறம் எவன் கேப்பான்? ஒரு கமா தப்புல ஒரு மனுஷன் டைரக்டர் ஆயிட்டாரு. ஆனதும் குரல் மாறிப்போச்சு, நடை மாறிப்போச்சு. லிஃப்ட்ல அவர் ஏறுனா மத்தவன் இறங்கணும். தும்முறதுக்குக்கூட அவர்கிட்ட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும்.

— அளக்கிறான்.

— தும்மல் மட்டும் அளந்தது. ஒத்துக்கிறேன்.

— எங்க வீட்டுக்காரரும்தான் மேனேஜரா இருந்தாரு. யாரையாவது இப்படி நடத்தியிருப்பாரா? கடைசியில மனசுக்கு ஒத்து வரலைன்னு வேலையையே தூக்கிப் போட்டுட்டு வந்தவரு. எல்லாரும் அந்த ரகமா?

— அத்தான் கதையே வேற அக்கா. கேளு. அங்க செடிக்குத் தண்ணி ஊத்துற ஒரு பெரியவர். மெலிஞ்ச மனுஷன், பேச்சே கிடையாது, செடிகிட்டதான் பேசுவாரு. அவர் கார்டுல பதினாலு மட்டும். மொட்டைமாடி. ஒரு நாள் ஒண்ணாம் நம்பர் ரூம் கண்ணாடி வழியா பாக்கிறாரு, ஜன்னலோரத்துல ஒரு தொட்டிச் செடி வாடித் தலையைத் தொங்கப் போட்டிருக்கு. சும்மா கார்டை வெச்சுப் பாத்திருக்காரு. திறந்துருச்சு. உள்ள போய் ஊத்தியிருக்காரு. வந்தாரய்யா மேனேஜர். பாத்தாரு. குதிச்ச குதியில கீழ் மாடியில சுண்ணாம்பு உதிர்ந்துச்சு. "கதவு திறந்தா உள்ள வந்துடுறதா? திறந்த கதவெல்லாம் உன்னோடதா?"

— இதையேதானேங்க காலையில நீங்களும் கத்துனீங்க? வாசல் வரைக்கும் கேட்டுச்சே.

— எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வேற என்ன சொல்லுவாங்க?

— அந்தப் பெரியவரை அன்னிக்கே வெளிய அனுப்பிட்டாரு. தண்ணி ஊத்துற பூவாளியைக்கூடப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. அது அவர் சொந்தப் பூவாளி. அப்புறம் என்னைக் கூப்பிட்டு விட்டாரு. போறேன். உக்காருன்னு சொல்லல. "நீதான் கதவுக்காரனா? கண்டவனெல்லாம் என் ரூமுக்குள்ள வர்றான். கம்பெனியை வாங்கியிருக்கிற புது முதலாளிங்க நாளைக்குப் பார்வையிட வர்றாங்க. அதுக்குள்ள சரியாகணும். என்ன கோளாறு?" நான் விளக்குறேன், கமா, பதினாலு, ஒண்ணுன்னு. "கமாவா? பள்ளிக்கூடப் பிள்ளை போடுற கமாவா? இதுக்கா உங்களுக்குச் சம்பளம்? போய் ஒழுங்கா போடு!" அக்கா, அவர் பேசுன பேச்சுல நான் எலியா சுருங்கி, கீபோர்டு இடுக்குக்குள்ள போய்ட்டேன்.

— அப்புறம்? கமாவை எங்க போட்டே?

— வேலி அக்கா, வேலி. ஒரு வீட்டுக்கு ரெண்டு பக்கமும் சுவர் இருந்தாத்தான் அது தனி வீடு. நடுவுல இருக்கிற நம்பருக்கு ரெண்டு பக்கமும் கமா இருக்கு, சரி. முதல் நம்பருக்கு இடப்பக்கம் சுவரில்ல. கடைசி நம்பருக்கு வலப்பக்கம் சுவரில்ல. அதனால வரிக்கு முன்னால ஒரு கமா, பின்னால ஒரு கமா. அப்புறம் தேடுறப்போ வெறும் ஒண்ணைத் தேடாதே. கமா, ஒண்ணு, கமா, இப்படி மூணையும் சேத்துத் தேடு. இப்போ பதினொண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டுமா? மாட்டாது. சுவர் இடிக்கும். போட்டேன். முடிஞ்சுது. அப்போதான் கண்ணுல பட்டுச்சு.

— என்னது?

— அந்த மேனேஜர் பேருக்கு நேரா பாக்கிறேன். பத்து, பதினொண்ணு, பன்னண்டு. ஒண்ணே இல்ல! முதலாளி குடுக்கவே இல்ல! இந்த மனுஷனும் அந்தப் பெரியவர் நுழைஞ்ச அதே ஓட்டை வழியாத்தான் இத்தனை நாள் நுழைஞ்சிருக்காரு!

— ஐயோ! நீ போய்ச் சொன்னியா?

— போனேன் அக்கா, சத்தியமா போனேன். "சார், உங்க கார்டைப் பத்தி ஒண்ணு"ன்னு வாயைத் திறந்தேன். "உன் வாயைப் பாக்கவா கூப்பிட்டேன்? வேலை முடிஞ்சுதுன்னா கிளம்பு"ன்னாரு. சரி சார்னு கிளம்பிட்டேன். பெரியவங்க பேச்சைத் தட்டக் கூடாது பாரு.

— அயோக்கியன்.

— யாரை அத்தான் சொல்றீங்க?

— மேல சொல்லு. சொல்லித் தொலை.

— மறுநாள் வேலை சரியான்னு பாக்க என்னை வரச் சொல்லியிருந்தாங்க. ஒரு ஓரமா நின்னேன். புது முதலாளிங்க வர்றாங்க. கோட்டு சூட்டு. மேனேஜர் முன்னாடி நடக்கிறாரு, கல்யாண மாப்பிள்ளை தோத்தான். பின்னாடி முந்நூறு பேர் கூட்டம். "வாங்க, என் ரூம்ல உக்காந்து பேசலாம்." கார்டை வெக்கிறாரு. சிவப்பு. திருப்பி வெக்கிறாரு. சிவப்பு. டையில துடைக்கிறாரு, சட்டையில துடைக்கிறாரு, ஊதி ஊதி வெக்கிறாரு. சிவப்பு, சிவப்பு, சிவப்பு! முந்நூறு பேரும் மூச்சை நிறுத்திட்டாங்க.

— முந்நூறு பேரா! வாய்க்கு வந்ததை அடிக்கிறியே. அந்த வராந்தாவுல முப்பது பேர் நிக்க இடம் கிடையாது. ஒரு பக்கம் தீயணைக்கிற சிலிண்டர், இன்னொரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின்.

— உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

— எல்லா ஆபீஸும் அப்படித்தான் இருக்கும்! பொதுவா சொன்னேன்.

— ஆமா அக்கா, பொதுவா எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான். சரி, முந்நூறு வேண்டாம். பத்துப் பேர். வந்ததுல ஒரு அம்மா, வயசானவங்க, அமைதியா கேட்டாங்க. "இந்த ரூமை உங்களுக்கு யார் குடுத்தாங்க?" அவ்வளவுதான். கோபமே இல்ல. மனுஷன் திரும்பவும் கார்டைத் துடைக்கிறாரு. என்ன பதில் இருக்கு? கதவு திறந்துச்சு, வந்து உக்காந்தேன்னு சொல்ல முடியுமா? சாயங்காலம் அவர் மேஜை மாடிப்படிக்குக் கீழே. கொஞ்ச நாள்ல ஆளையே காணோம். அவர் பாடு போகட்டும். அந்தப் பெரியவரைத் திரும்பக் கூப்பிட எவனுக்கும் தோணல. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும்...

— நீ தேடிப் பாத்தியாடா?

— பாத்தேன். வீடு மாத்திட்டாங்கன்னாங்க. அக்கா, சிரிச்சுக்கிட்டே சொல்றேன்னு பாக்காதே. செய்யாத குத்தத்துக்கு ஒரு ஆள் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனதை நான் பாத்திருக்கேன். இன்னிக்கு வாட்ச்மேன் ரூம்ல அதே தலையைப் பாத்தேன்.

— அந்த மேனேஜர் யாருடா? எந்தக் கம்பெனி?

— அதை நான் சொல்ல மாட்டேன். கழுத்தை நெரிச்சாலும் சொல்ல மாட்டேன். அவருக்கும் வீடு, பொண்டாட்டி, மானம் எல்லாம் இருக்கும்ல? அத்தான், பேர் எனக்கு வேண்டாம். இது நடந்திருக்கும்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும். சாயங்காலம் பன்னண்டாம் வீட்டுக்காரர் வந்ததும் கார்டை வெச்சுப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் போலீஸ் வேண்டாம்.

— நடந்திருக்காது. கதை. முழுக்க முழுக்கக் கதை. இவன் சின்ன வயசுலேருந்து திரிச்ச கயிறு இந்தக் கட்டடத்தை நாலு சுத்து சுத்தும். இதை நம்பி ஒரு புகாரை நான் வாபஸ் வாங்கணுமா? ஊர் சிரிக்காது?

— நான் நம்புறேங்க.

— நீயா? உன் தம்பிங்கிறதுக்காகவா?

— இவன் என் தம்பிங்கிறதுக்காக ஒரு வார்த்தையைக்கூட நம்ப மாட்டேன். ஆனா கடைசியா சொன்னப்போ இவன் கண்ணைப் பாத்தேன். புளுகுறப்போ இவன் கண்ணு மினுங்கும். இப்போ மினுங்கல.

— அத்தான், வண்டி சத்தம். வந்துட்டாங்க போல.

— வரட்டும்.

— பெல் அடிக்கிறாங்கங்க. நில்லுங்க. கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. இவன் சொன்னது கதைதான்னா அந்தம்மாவை ஏத்தி அனுப்புங்க, நான் குறுக்க வரல. நீங்க பொய் சொல்ற மனுஷன் இல்ல, அது எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கிறேன்.

— அக்கா, விடு. அவரைக் கேக்காதே. நான் புளுகன், போதுமா? நானே போய்ப் போலீஸ்கிட்ட பேசறேன், ஏதாவது சொல்லிக்கிறேன்...

— நீ உக்காரு மச்சான். உன் பேச்சை எவன் நம்புவான்? நான்தான் சொல்லணும். போலீஸ்காரரை உள்ள வந்து உக்காரச் சொல்லும்மா. அந்தம்மாவையும் உள்ள கூட்டிட்டு வா, முதல்ல அவங்களுக்கு நாற்காலி போடு. இவன் சொன்னதுல யானை பொய். குதிரைப் பந்தயம் பொய். முந்நூறு பேர் பொய், ஒன்பது பேர்தான் இருந்தாங்க. ஆபீஸ்ல மச்சான்னு காட்டிக்காம "நீதான் கதவுக்காரனா"ன்னு இவனைக் கேட்டது உட்பட மிச்சமெல்லாம் அப்படியே நடந்துச்சு. அந்தச் சிவப்பு லைட்டு முன்னாடி கார்டைத் துடைச்சுக்கிட்டு நின்னவன் நான்தான்.